டிசம்பர் தாளில் எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். முதலில் நீங்கள் அட்டைப் படத்தைப் பார்ப்பீர்கள். பிறகு குடும்பத்தார் வரிசையில் உங்கள் பெயர் பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அதன்பின் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடி இந்தப் பக்கத்துக்கு வருவீர்கள். எனக்குத் தெரியும். சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்த இடத்திலேயே அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

"ஏத்தா, தப்பா நெனைக்காத. ஒங்க அண்ணன் வேதத்துல சேந்துட்டான்னு சொன்னாகளே, அப்பம் எரிக்கப் போறீகளா, பொதைக்கப் போறீகளா?"

ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டார் என்பதை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் சொல்வார்கள். அண்ணனின் உடல் நடுவீட்டில் கிடக்கிறது. கேட்டவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்கிறார். அன்று நான் அடுத்தவருக்குக் காப்பி கொடுக்கப் போய்விட்டேன். இன்று பெரியப்பாவின் அச்சகத்திலேயே இந்த மலரை அடிக்கிறோம், பக்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் விருதுநகரில் பிறந்தார். அப்பாவுக்கு பஜாரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. அண்ணன் பத்தாவது படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கடையைத் தூக்கி நிறுத்த ஆளில்லை. சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த பெரியப்பா வந்து, "பிள்ளைகளக் கூட்டிட்டு வந்துரு தாயி, அங்கன பாத்துக்கிடலாம்" என்று அம்மாவிடம் சொல்லி எங்கள் மூவரையும் அழைத்துப் போனார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிளும் புது வருடத்துக்குக் காலண்டரும்தான் அச்சகத்தின் பிழைப்பு. அண்ணன் பள்ளி விட்டதும் மெஷின் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். அச்சுத் தொழிலுக்கான டிப்ளமோவும் அங்கேயே இருந்துகொண்டு படித்து முடித்தார். படிப்பு முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார், பெரியப்பாவும் ஒரு நாள் ஓய்வெடு என்று சொல்லவில்லை.

அண்ணன் பொறுமைசாலி என்று இந்த மலரில் எல்லாரும் எழுதியிருப்பார்கள். பொறுமைசாலிகளோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், அப்போது தெரியும். நாம் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போய் உட்கார்ந்த பிறகும், அவர் முதலில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். எதிர்த்தும் பேசமாட்டார், இறங்கியும் வரமாட்டார். எங்கள் அம்மா இந்தக் குணத்தைப் 'பாறாங்கல்லு' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

அச்சகத்துக்குப் புதிதாக நான்கு கலர் மெஷின் வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, நிறங்களைப் பற்றி முறையாகப் படித்த ஆள் வீட்டிலேயே ஒருவர் இருக்கட்டும் என்று பெரியப்பா முடிவெடுத்தார். அண்ணனை இங்கிலாந்துக்கு ஓராண்டுப் படிப்புக்கு அனுப்பிவைத்தார். அந்த நன்றியை எங்கள் குடும்பம் மறக்காது. சான்றிதழ்களுக்காக அண்ணன் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் படி ஏறி இறங்கியதும், ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைவாக இருந்ததும், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் ஒருவழியாக விமானம் ஏறியதும் தனிக் கதை.

அங்கே ஒரு சிறிய ஊர். தங்கியிருந்த வீட்டுக்காரர் பரம கஞ்சர். அறையைச் சூடாக்கும் குழாயை மாலையிலேயே மூடிவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை நூலகமும் கிடையாது, கடைகளும் சீக்கிரம் அடைத்துவிடும். அப்படி ஒரு ஞாயிறு மாலை, மழையில் நனைந்துகொண்டே நடந்தவர் கண்ணில் ஒரு பழைய வேதக்கோயில் பட்டிருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது, கதவு திறந்திருக்கிறது. மறுநாள் காலையில் அச்சகத்துப் போனுக்குக் கூப்பிட்ட அண்ணன் இதை என்னிடம் சொன்னார்.

"ஏண்ணே, வேதக்கோயிலுக்கா போனே?" என்றேன்.

"உள்ள கதகதன்னு இருந்துச்சு தங்கச்சி. போயி உக்காந்துட்டேன்."

இவ்வளவுதான் ஆரம்பம். இதில் சாமியும் இல்லை, வேதமும் இல்லை, குளிர்தான். தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள்.

சாமி இருக்கும் இடம் என்பதால் அண்ணன் ஷூவை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். நம் ஊரில் கோயிலானாலும் வேதக்கோயிலானாலும் யாரும் செருப்புக்காலோடு நுழைவதில்லையே. அங்கே எல்லாரும் ஷூவோடு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் சில்லென்ற கல்தரையில் மெல்லிய சாக்ஸோடு நடந்து போய்த் தூணோரம் உட்கார்ந்தார். வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுக்கும் அம்மா ஒருவர் அதைப் பார்த்தார். ஷூ போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, கையால் பின்னிய கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அதன்பின் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடவில்லை.

அது பாட்டாலேயே நடக்கும் மாலை வழிபாடாம். வந்தவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து கேட்பார்கள், பாடகர்கள் எதிரெதிர் வரிசையில் நின்று பாடுவார்கள். பெரிய வித்வான்கள் எல்லாம் இல்லை. கசாப்புக் கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, ஓய்வுபெற்ற தபால்காரர் என்று அந்த ஊர் மனிதர்கள்தான். அங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்று வாயைத் திறந்தார்கள் என்றால், ஒரே பாட்டை நான்கு விதமாகப் பாடுவார்களாம். பெண்கள் மேலே ஒரு வழியில் போக, தபால்காரர் அடித்தொண்டையில் வேறொரு வழியில் போவாராம். "சண்டை மாதிரி இருக்காதாண்ணே?" என்று கேட்டேன்.

"அதுதான் இல்ல. நாலு கலர் அடிக்கம்ல, நீலம் தனி, செவப்பு தனி, மஞ்ச தனி, கறுப்பு தனி. ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பாத்தா ஒண்ணும் வெளங்காது. நாலும் ஒண்ணுமேல ஒண்ணு பெசகாம விழுந்தா முருகன் சிரிப்பாரு. அப்படி விழுது தங்கச்சி. மயிரிழை தப்பல. ஆரும் ஆரையும் அமுக்கல."

அச்சகத்துக்காரருக்கு அச்சகத்துக்காரர் புத்திதானே போகும். எனக்கு அப்போது சிரிப்பாக வந்தது. மெஷின் சத்தத்திலும் பட்டாசு டெஸ்டிங் சத்தத்திலும் பெரியப்பாவின் சத்தத்திலும் வளர்ந்த மனிதர், ஒரு மணி நேரம் யாரும் கத்தாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அந்த மார்கழியில் அவர்களுடைய கிறிஸ்துமஸ் வந்தது. பாடகர்களுக்கு முன்னால் மெழுகுவர்த்திக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்குக் காய்ச்சல். வாரம் தவறாமல் வரும் அண்ணனைக் கூப்பிட்டு, நீ பிடிக்கிறாயா என்று பாதிரியார் கேட்டிருக்கிறார். அண்ணன், நான் இந்து என்றார். பாதிரியார், மெழுகுவர்த்திதானே, பிடி என்றார். கறுப்பு அங்கியும் மேலே வெள்ளை அங்கியும் மாட்டிவிட்டார்கள், காலில் அந்தக் கம்பளிச் சாக்ஸ்தான். நெருப்பைக் கையாளச் சிவகாசிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று அண்ணனே போனில் சொல்லிச் சிரித்தார். உடன் படித்த நண்பர் ஒருவர் அதைப் படம் எடுத்தார். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அண்ணன் தம் படங்களை எல்லாம் அச்சகத்து மெயிலுக்குத்தான் அனுப்புவார். டிசைன் போடும் மாடசாமி அண்ணாச்சி அதைப் பிரிண்ட் எடுத்து அம்மாவுக்குக் கொடுத்துவிடுவார். இந்தப் படமும் அப்படித்தான் வந்தது. கம்ப்யூட்டரிலும் தங்கிவிட்டது.

இனி நடந்ததை வேறு எந்த ஊரிலும் நடத்த முடியாது. சிவகாசியில்தான் முடியும்.

அடுத்த காலண்டர் சீசனில், சாத்தூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையிலிருந்து மாதக் காலண்டருக்குக் கடைசி நேரத்தில் ஆர்டர் வந்தது. டிசம்பர் தாளுக்கு வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார்கள். மாடசாமி அண்ணாச்சி கம்ப்யூட்டரில் தேடினார். அண்ணன் படம் கண்ணில் பட்டது. இருட்டான கோயில், அங்கி போட்ட பாடகர்கள், முன்னால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தலைகுனிந்த ஒரு முகம். எடுத்து வைத்துவிட்டார். பின்னால் நான் சண்டைக்குப் போனபோது, "நம்ம தம்பி மொகத்தவிட லெச்சணமான மொகத்துக்கு நான் எங்கன போவேன்?" என்று என்னையே கேட்டார்.

சரி, புரூஃப் பார்த்தவர் பெரியப்பா. தம் கையால் வளர்த்த தம்பி மகன் படத்தில் நிற்கிறார். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "செவப்பு தூக்கலா இருக்கு, கொறைங்கலே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் புரூஃப் பார்ப்பவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், நாள் கிழமையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அண்ணன் படிப்பு முடிந்து வந்து இறங்கியபோது காலண்டர் லோடு போய்விட்டிருந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சித்திரை மாதம்போல, அச்சகத்தில் சாம்பிள்களைப் புரட்டிக்கொண்டிருந்த அண்ணனே அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்? மாடசாமி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் வந்துருக்கு. ரெஜிஸ்டர்தான் லேசாப் பெசகிருச்சு, செவப்பு மயிரிழை தள்ளி விழுந்துருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. காலண்டரில் டிசம்பர் தாள் கடைசியில் இருக்கிறது. அதை யாரும் முன்கூட்டித் திருப்பிப் பார்ப்பதில்லை. அத்தனை வீட்டுச் சுவர்களிலும் எங்கள் அண்ணன் பதினோரு தாளுக்கு அடியில் மெழுகுவர்த்தியோடு காத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆவணியில் அண்ணனுக்குப் பெண் அமைந்தது. ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் குடும்பம். பெண்ணின் பெயரை நான் எழுதமாட்டேன், இன்று அவர் இன்னொரு வீட்டின் மருமகள். நல்ல பெண். அண்ணனுக்கு மனசுக்குப் பிடித்திருந்தது. ஃபோன் வந்தால் சட்டையைச் சரி செய்துகொண்டு பேசுகிற அளவுக்குப் பிடித்திருந்தது. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்து, பத்திரிகையும் எங்கள் மெஷினிலேயே ஏறத் தயாராக இருந்தது.

பெண்ணின் தகப்பனார் கம்பெனி ஆபீசில் கணக்குப்பிள்ளை ஒரு கிறிஸ்தவர். அவர் தலைக்குமேல் அந்தச் சபைக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் பிறந்ததும் அவர் நவம்பர் தாளை மேலே மடித்தார். வருங்கால மாமனார் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலையே கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அவர், அவருடைய அண்ணன், பெரிய மனிதர்கள் இருவர். காலண்டரைச் சுருட்டிக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். பெரியப்பா வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தார்.

அண்ணன் குளிரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். பெண்ணின் தகப்பனாரும் கேட்டார். நியாயமான மனிதர்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் படத்தில் விரலை வைத்து, "அத்தன வெள்ளைக்காரனும் பூட்ஸோட நிக்கான். நீங்க மட்டும் செருப்பக் கழட்டிட்டுப் பயபக்தியா நிக்கீகளே மாப்ள. இத எம் பொஞ்சாதிட்ட நான் எப்படிச் சொல்ல?" என்றார். நம் வழக்கத்தை நம்மவரே சாட்சியாக வைத்துக் கேட்டால் என்ன சொல்வது?

கடைசியில் அவரே இறங்கி வந்தார். "ஒண்ணும் வேணாம். கொலசாமி கோயில்ல வச்சு, அங்கன போனது தப்புதான், இனிமே வேதக்கோயில் படி மிதிக்க மாட்டேன்னு நாலு பேருக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிருங்க. ஊரு வாய அடைச்சிருவேன். தையில கல்யாணம்."

எங்களுக்கு உயிர் வந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் அம்மாவின் கையை மெல்ல இறக்கிவிட்டார். பிறகு, "நான் வேதத்துல சேரல மாமா. இத எந்தக் கோயில்ல வேணும்னாலும் சொல்லுதேன். ஆனா போனது தப்புன்னு சொல்ல முடியாது. தப்பு இல்லையே" என்றார்.

நான் அவரை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "ஒரு வார்த்தைண்ணே! சொல்லிட்டுப் போயேன். சாமிக்குத் தெரியாதா?" என்று அழுதேன்.

"ஒரு வார்த்தைன்னா லேசாப் போச்சா தங்கச்சி? நனைஞ்சு போயி நின்னவன உள்ள உக்கார வச்சாக. ஏன் செருப்பக் கழட்டுனேன்னு ஒரு கேள்வி கேக்காம அந்தம்மா சாக்ஸ் பின்னிக் குடுத்துச்சு. அவுக வீட்டுக்குப் போனது தப்புன்னு நம்ம வீட்ல வச்சு நான் சொன்னா, அது என்ன பேச்சு?"

கார் திரும்பிப் போயிற்று. பத்திரிகை மெஷினில் ஏறவில்லை. பெரியப்பா கோபத்தில் மாடசாமி அண்ணாச்சியைக் கணக்குத் தீர்த்து அனுப்பப் பார்த்தார். "அவுகள அனுப்புனா நானும் போறேன்" என்று அண்ணன் சொன்னதும் அதுவும் நின்றது. கல்யாணம் ஒன்று மட்டும்தான் போயிற்று.

அதன்பின் நீங்கள் எல்லாரும் அறிந்ததே. அறிந்தது மட்டுமா, அவர் வாழ்வில் ஆளுக்கொரு கை மண் போட்டவர்கள்தானே. வந்த வரன்கள் எல்லாம் 'அந்தக் காலண்டர் பையனா?' என்ற இடத்தில் நின்றன. குலதெய்வக் கோயில் பொங்கலில் திருநீறு வாங்கிய அண்ணன் அதைப் பூசுகிறாரா, கீழே தட்டுகிறாரா என்று நான்கு பேர் கழுத்தை நீட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் என்றும்போலப் பூசிக்கொண்டார். மறுபக்கமும் சும்மா விடவில்லை. காலண்டரைப் பார்த்துவிட்டு, எப்போது ஞானஸ்நானம் என்று அச்சகத்துக்கே வந்து கேட்டவர்கள் உண்டு. "பாட்டு மட்டுந்தான் அண்ணாச்சி" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்காவது ஒரு வேதக்கோயில் மதில் ஓரம் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கேட்பார். ஸ்பீக்கர் அலறினால், "ஒரே செவப்பா அடிக்காக" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தப் பாட்டு அவருக்கு இங்கே கிடைக்கவே இல்லை. இதற்காகவா இவ்வளவும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் காலண்டர் சீசன் உச்சத்தில் அண்ணனுக்குக் கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னதற்கு, "ஆர்டர் முடியட்டும்" என்றார். பெரியப்பாவும் "ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்" என்றார். முடியவில்லை. மதுரைக்குக் கொண்டு போனபோது ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். அங்கே கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பகலில், மனசு பொறுக்காமல் நான் கேட்டே விட்டேன். "அன்னைக்கு அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருந்தா, இந்நேரம் ஒனக்குன்னு ஒரு பிள்ளை இருந்திருக்கும்லண்ணே?"

அண்ணன் கண்ணைத் திறந்து, "இருந்திருக்கும்" என்றார்.

அவ்வளவுதான். மறுத்துப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். இரண்டு நாளில் போய்விட்டார். பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார். எரித்தோம். கேட்டவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

இந்த மலருக்கு என்னை எழுதச் சொன்னதும் பெரியப்பாதான். சென்ற வாரம் அவர் என் வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு வரியை மட்டும் சேர்த்துக்கொடு என்று கேட்டார். 'அயல்நாட்டில் அறியாமல் செய்த பிழையை எண்ணிப் பிற்காலத்தில் வருந்தி, இறுதிவரை நம் குலதெய்வத்தையே வணங்கி வந்தார்.' நல்ல தமிழ். அவரே யோசித்து எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"வீட்ல பொம்பளப் புள்ளைக நிக்கி. எம் பேத்தி இருக்கா, ஒம் மக இருக்கா. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவான். இந்தப் பேச்சு இதோட முடியட்டும் தாயி. அவன்தான் சொல்லல. நீயாவது சொல்லு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. இதே வார்த்தையைச் சொல்லச் சொல்லித்தான் நானும் அடுக்களையில் அழுதேன்.

பேனாவை எடுத்தேன். குலதெய்வத்தை வணங்கினார் என்பது உண்மை, எழுதினேன். வருந்தி என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. என் அண்ணன் எதற்கெல்லாமோ வருந்தியிருப்பார். அதற்கு வருந்தவில்லை. இருந்திருக்கும் என்று சொன்னபோதுகூட வருந்தவில்லை. "முடியல பெரியப்பா" என்றேன். அவர், "நீயும் பாறாங்கல்லுதான்" என்று எழுந்து போனார்.

அண்ணனைத் தாங்கிய பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் எங்கள் நன்றி. மதுரையில் இரவு பகல் பாராமல் உடனிருந்த மாடசாமி அண்ணாச்சிக்கும், மெஷினை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த அச்சகத் தோழர்களுக்கும், சுற்றத்தாருக்கும் நன்றி. கேள்வி கேட்டவர்களுக்கும்கூட, வந்து நின்றதற்கு நன்றி.

கடலுக்கு அப்பால் பெயர்கூட வாயில் நுழையாத அந்த ஊரில், மழையில் நனைந்து வந்த எங்கள் அண்ணனை உள்ளே உட்காரவைத்துப் பாட்டுப் பாடியவர்களுக்கும், ஷூ இல்லாத காலைப் பார்த்துச் சாக்ஸ் பின்னிக் கொடுத்த அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புரூஃப் பார்த்த பெரியப்பா இந்த வரியைப் பேனாவால் கோடு போட்டு அடித்துவிட்டு அனுப்பியிருந்தார். நான் மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.